வகை என்ற கட்டம்

அறுபத்தேழில் எனக்குச் சம்பளம் தந்தது
ஒரு கட்டம்.
அட்டையின் வலது மூலையில், தபால்தலை அளவில்:
வகை.

வானொலி நிலையம், இசைத்தட்டு நூலகம்,
சுவரெல்லாம் இரும்பு இழுப்பறை.
கப்பலில் வந்த பெட்டியை
மிஸ்டர் ஸ்பெல்டவின்ட் உடைப்பார்.
நான் ஊசியை வைப்பேன், இரண்டு நிமிடம் கேட்பேன்,
முத்திரை குத்துவேன்.
முழுக்கக் கேட்க நேரமில்லை. தேவையுமில்லை.
வெள்ளவத்தை பஸ்ஸில் சீருடை தெரியாவிட்டாலும்
நிற்கிற நிலையைப் பார்த்தே
எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிடுவோமே, அப்படி.

ட்விஸ்ட் லேசு.
நாலு எண்ணிக்கை, இரண்டிலும் நாலிலும் அடி.
தேங்காய் துருவுகிறவளின் இடுப்பு
எவ்வளவு அசையுமோ அவ்வளவு.
முத்திரை.

கலிப்சோ
அரிசி விலையையும் அயல்வீட்டு வம்பையும்
சிரித்துக்கொண்டே சொல்லும்.
தாளம் அரை அடி பிந்தி வரும்,
வந்துவிட்டு மன்னிப்பும் கேளாது.

ஸர்ஃப் இசைக்கு வாய் தேவையில்லை.
கிற்றாரைக் கிணற்றுக்குள் இறக்கி வாசித்ததுபோல்
ஈரமாய் எதிரொலிக்கும்.

பொஸ்ஸா நோவா பாடுகிறவனுக்கு
எப்போதும் அடுத்த அறையில் பிள்ளை தூங்குகிறது.

ஸோல், கோயிலை விட்டு ஓடிவந்த பெண்.
அவள் கேட்பாள், ட்ரம்பெட்டுகள் பதில் சொல்லும்.
பதில் போதாதென்று இன்னும் உரக்கக் கேட்பாள்.
அவளை இரண்டு நிமிடத்தில் நிறுத்த
என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை.

ஒரு தட்டில் குரல் பின்னோக்கி ஓடியது.
நடுவில் சித்தார், பிறகு யாரோ
கடிகாரத்தை உடைக்கிற சத்தம்.
'பழுது' என்று எழுதி லண்டனுக்கே அனுப்பினோம்.
மூன்று மாதத்தில் அதேபோல் பதினொன்று வந்தன.
புது இழுப்பறை கேட்டு மனு எழுதினேன்.

பைலாவுக்கு மட்டும் யாரும் மனு எழுதவில்லை.
'அது கலியாண வீட்டுச் சத்தம், மிஸ் பெனடிக்டா'
என்பார் ஸ்பெல்டவின்ட்,
தன் கலியாணத்தில் விடியும்வரை ஆடியவர்.

ஒக்டோபர் மழையில் அந்தத் தட்டு வந்தது.
கப்பலில் அல்ல, சைக்கிளில்,
பிரவுண் தாளில் சுற்றி, சேர்ட்டுக்குள் வைத்து.
கொண்டுவந்தவன் உபாலி, பேஸ் கிற்றார்.
ட்ரம்ஸ், கொம்பனித்தெரு துவான் ஜுனைதீன்.
ஈரக் கிற்றார், தெஹிவளையில் ஒரு பேர்கர் பெடியன்.
பாடியது கொட்டாஞ்சேனை ஜெபநாயகம்,
கூப்பன் அரிசியில் கல் பொறுக்கும் ஒருத்தியைப் பற்றி,
தமிழில்.
பல்லவி முடிகிற இடத்தில் நாலு பேரும்:
'யமு, யமு!'

இரண்டு நிமிடம் போனது.
ஊசியை எடுக்கவில்லை.
அடியில் ஆறு எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது.
மூன்று மூன்றாய் உடைத்தால் நடந்தது,
இரண்டிரண்டாய் உடைத்தால் துள்ளியது,
இரண்டும் ஒரே நேரத்தில் சண்டைபிடித்தன.
மறுபக்கம் திருப்பினேன்.
மெல்பேர்ண் விசாக் கடுதாசி மேசையில் கிடக்க
ஸ்பெல்டவின்டின் சப்பாத்துக் குதி
தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

வகை?

தமிழ்ச் சேவை, அந்த 'யமு' தங்களுடையதல்ல என்றது.
சிங்களச் சேவை, மற்றதெல்லாம் தங்களுடையதல்ல என்றது.
அந்த மாதம் நான் சம்பள உயர்வுக்காகச்
சிங்களச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.
'யமு' பாடப்புத்தகத்தில் இல்லை.
எனக்கு விளங்கியது.
கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

வகை இல்லாததற்கு இழுப்பறை இல்லை.
இழுப்பறை இல்லாதது மேசையில் கிடக்கும்.
மேசையில் கிடப்பதை
போகிறவர் வருகிறவர் எல்லாம் எடுப்பார்கள்.
மூன்று சேவைக்காரரும் எடுத்தார்கள்,
தங்களுடையதல்ல என்றவர்கள்தான் முதலில்.
மார்கழிக்குள் வரிகள் சாம்பல் நிறமாகி,
பாட்டுக்கு மேல் அப்பளம் பொரிந்தது.

தையில் ஒரு காலை அது மேசையில் இல்லை.

'அட்டை எங்கே?' என்றார் கணக்காய்வாளர்.
பதிவுசெய்யாத அட்டை, ஐயா.
'அப்படியானால் தொலையவில்லை.'
பேனையை மூடினார்.

அவ்வருட இருப்புக் கணக்கில் ஒன்றும் குறையவில்லை.
எண்ணியது நான்தான்.
தட்டுகளை ஆறாறாக எண்ணினேன்,
குதிக்கால் தரையில் தட்ட.