ஒன்று புள்ளி மூன்று

வெண்டூரியில் ஜூலைக் குளிர்.
கார் கொட்டகையில், ஹீட்டரை ஒட்டி,
டெரன்ஸின் பிசின் அச்சுப்பொறி
ஒரு தானிய வண்டியை
இரவெல்லாம் தொட்டியிலிருந்து
மயிரிழை மயிரிழையாகத் தூக்குகிறது.

ஒன்றுக்கு நூற்றிருபது.
இந்த அளவில் இந்த நாட்டில்
இன்னும் எதுவுமே இல்லை.
எஞ்சின் இல்லை, சிக்னல் கம்பம் இல்லை,
பசு இல்லை, பசுவை மறிக்க வேலி இல்லை,
நடைமேடையில் நின்று
தாமதத்தைத் திட்ட ஓர் ஆள் இல்லை.
உலகைப் படைத்தவனுக்கு
வங்கிக் கடன் இருந்ததாகக் கேள்விப்படவில்லை.
எங்களுக்கு இருக்கிறது.

ஜீலாங் கண்காட்சியில்
எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள்.
எஞ்சின் வரட்டும், வண்டி வாங்குகிறேன்.
வண்டியே இல்லாமல் எஞ்சின் எதற்கு?
அதெல்லாம் சரி, தண்டவாளம் யார் போடுவது?
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்,
கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று
டெரன்ஸுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.
இதில் பைத்தியம் யார், என்றான்.
உருக்கு அச்சின் விலைப்பட்டியலை
அவன் பக்கம் தள்ளினேன்.

எஞ்சினுக்கு அறுபதாயிரம். வண்டிக்கு இருபத்திரண்டு.
அவன் எஞ்சினைக் காதலித்தான்,
நீலமும் பொன்னுமாக வரைந்தும் வைத்திருந்தான்.
நான் பெருக்கிப் பார்ப்பவள்:
எஞ்சின் வாங்குகிறவர் ஒன்றோடு நின்றுவிடுவார்,
தானிய வண்டி வாங்குகிறவரால்
மூன்றில் நிற்க முடியாது.
வண்டிதான் முதலில் என்று முடிவானபோது
அவன் ஒரு வாரம்
தேநீருக்குச் சர்க்கரை கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தத் தகராறு.
விக்டோரியாவின் பழைய பாதை
ஆயிரத்து அறுநூறு மில்லிமீட்டர் அகலம்.
நூற்றிருபதால் வகுத்தால் பதின்மூன்று புள்ளி மூன்று.
ஜெர்மனியிலிருந்து ஆயத்தமாக வரும் சக்கரம்
பன்னிரண்டு.
யாருக்குத் தெரியப்போகிறது, என்றேன்.
பிறகு சமையலறைத் தரையில்
இரண்டு நாடா ஒட்டிக் குறுக்கே படுத்தேன்.
ஆயிரத்து அறுநூறு:
என் உயரம், குதிகால் முதல் உச்சி வரை.
டெரன்ஸ் ஒரு நாடாவை உரித்து
பன்னிரண்டின் கணக்குக்குக் கிட்ட நகர்த்தினான்.
நெற்றியிலிருந்து மேலே எல்லாம் வெளியே கிடந்தது.
அவ்வளவுதானே, என்றான்.
யோசிக்கிற பகுதி, என்றேன்.

நெவில் ஷ்ராடர், மில்ட்யூராவிலிருந்து
நாலு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி வந்தவர்,
சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் வெர்னியர்.
மாதிரி வண்டியைக் கவிழ்த்தார், அளந்தார்,
பேசாமல் திரும்ப நிமிர்த்திவைத்தார்.
அழகான பொய், என்றார்.
டெரன்ஸ் வாய் திறக்குமுன்
பிஸ்கட் தட்டை நீட்டிவிட்டேன்.

இரவு மூன்று மணிக்கு விழித்து
டோங்குவானிலுள்ள லியாவுக்கு எழுதினேன்:
அச்சுத்தண்டைக் கொஞ்சம் நீட்டுங்கள்.
சக்கரம் பன்னிரண்டிலேயே வரட்டும்,
வேண்டுமென்கிறவர்
வெளியே தள்ளிக்கொள்ள இடம் இருக்கட்டும்.
பிரேக் கட்டைகள்
உண்மையான அகலத்திலேயே தொங்கட்டும்,
சக்கரம் வரும்போது வரட்டும்.
அவள் பதில் காலையில் இருந்தது:
தண்டுக்குப் பதினோரு சென்ட் கூடும்.
எத்தனை பேர் தள்ளுவார்கள்?
பத்தில் ஒருவர், என்றேன். அதுவும் துணிந்து சொன்ன கணக்கு.
தொள்ளாயிரம் வண்டி, வண்டிக்கு நாலு தண்டு,
முந்நூற்றுத் தொண்ணூற்றாறு டாலர்.
கடன்பத்திரத்தில் அதற்குப் பெயர் வைக்கத் தெரியாமல்
'இதர செலவு' என்று போட்டேன்.

முந்நூறு பெட்டி விற்றால் மூச்சு விடலாம்.
இன்றைக்கு நூற்றெண்பத்தேழு.
நெவில் ஏழு கேட்டிருக்கிறார்,
அவற்றை ஓட்ட அவரிடம் ஒரு சாண் தண்டவாளம்கூட இல்லை.

பெட்டியின் படத்தில் அளவு தெரிய
வண்டியருகே ஓர் ஆள் வேண்டுமென்றார்கள்.
என்னைத்தான் அச்சிட்டோம்.
பதின்மூன்று புள்ளி மூன்று மில்லிமீட்டர்,
தலை முழுசாக.
ஒற்றைமயிர்த் தூரிகையால்
டெரன்ஸ் எனக்கு மஞ்சள் மேற்சட்டை தீட்டினான்.
முகத்தில் சிரிப்புக்கு இடமில்லை, விட்டுவிட்டான்.

படத்துக்குக் கீழே
'எஞ்சின்: அடுத்த ஆண்டு' என்று போட்டிருக்கிறோம்,
எந்த ஆண்டுக்கு அடுத்தது என்று
போடவில்லை.