பெயர்ச்சி

டயர்க் கடையின் மாடியில் கூட்டம்.
பியெல்லாவில் மூன்று நாளாகப் பனிமூட்டம்,
அதனால்தான் நான் பேருந்தில் வந்தேன் என்று
எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.
நான் திருத்தவில்லை.
சங்கத்தின் குறிப்பேடு மடியில்,
கோட்டுப் பையில் ஒரு சாவி.

வெர்னெத்தி கம்பெனி கேட்டிருக்கிறது:
பதினோரு வருடம் கழித்து ஒரு புது ஸ்போர்ட்ஸ் கார்.
எங்கள் பழைய வண்டிகளோடு இத்தனை காலம்
மல்லுக்கட்டுகிறவர்கள் நீங்கள்,
நீங்களே சொல்லுங்கள், என்ன பெயர் வைக்கலாம்?

மருந்துக்கடை ஒத்தொரீனோ எழுந்தார்.
காற்றின் பெயர் என்றார்.
எந்தக் காற்று?
பாலைக் காற்று, கடற்காற்று, மலையிறங்கும் காற்று,
அவர் சொல்லச் சொல்ல
ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே ஒரு கார் ஓடிக்கொண்டிருந்தது.
வீசுவதையெல்லாம் விற்றுத் தீர்த்துவிட்டார்கள்
என்று உட்கார்ந்துவிட்டார்.

"எண் போதும்," இது குவால்தியேரோ.
"மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர். முப்பத்தாறு.
கணக்குக்கு நாக்குப் பிறழாது."

"கைதிக்கும் எண்தான்," என்றாள் எர்மெலிந்தா.

எர்மெலிந்தாவுக்கு வயது அறுபத்தெட்டு.
ஒரோப்பா மலைச்சாலையில் இரண்டு தடவை கவிழ்ந்தவள்,
இரண்டு தடவையும் அதே வளைவில்.
காளை, குதிரை, பாம்பு, தேள்,
இத்தனைக்கும் தீவனம் யார் போடுவது என்று கேட்டாள்.
அந்த வளைவின் பெயரை வையுங்கள் என்றாள்.
அந்த வளைவுக்கு ஏது பெயர்?
"நான் வைத்திருக்கிறேன். சபையில் சொல்ல முடியாது."

சுட்ட கஷ்கொட்டைத் தட்டு ஒரு சுற்று வந்தது.

தொரீனோவிலிருந்து வந்திருந்த விளம்பரக்காரப் பெண்
திரையில் மூன்று சொற்களைக் காட்டினாள்.
ஆரிவியா. செலெந்த்ரோ. நுவேக்ஸ்.
நாற்பத்தேழு மொழிகளில் சோதித்தாயிற்றாம்,
எதிலும் கெட்ட அர்த்தம் கிடையாதாம்.
எதிலாவது அர்த்தம் உண்டா என்று
பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.
அவள் சிரித்தாள். பாவம், சளி பிடித்திருந்தது அவளுக்கு.

காரணப் பெயரா, இடுகுறிப் பெயரா,
கட்சி இரண்டாகப் பிரிந்தது.
ஒத்தொரீனோ குவால்தியேரோவின் கிளட்சைப் பழித்தார்.
குவால்தியேரோ ஒத்தொரீனோவின் கண்பார்வையை.
நான் எதையும் எழுதவில்லை.

கடைசியில் இவானோ.
பத்தொன்பது வயது, கார் இல்லை, உரிமம் மட்டும் உண்டு.
"ஒரு பிள்ளை ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு
கத்துகிற மாதிரி இருக்கணும்.
ஆறு வயசில் நெடுஞ்சாலையில் ஒரு வெர்னெத்தி
எங்களைத் தாண்டிப் போனது. சிவப்பு.
எனக்குப் பேர் தெரியாது.
'அதோ'ன்னுதான் கத்தினேன்.
அம்மா திரும்புறதுக்குள்ளே போயிடுச்சு."

குவால்தியேரோ ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
அப்போது சோதனை ஓட்டக்காரர் செகோந்தோ
கைக்கடிகாரத்தைப் பார்த்து,
விளக்கை அணையுங்கள் என்றார்,
ஒன்பது பத்துக்கு என் சகா இந்த வழியாக வருவான்.

நாற்காலிகள் கிறீச்சிட்டன.
பதினாறு பேர், இரண்டு ஜன்னல்.
முதலில் மூட்டத்தின் உள்ளே ஒரு மஞ்சள் கசிவு,
பிறகு தொண்டையில் அல்ல, முழங்காலில் கேட்கிற சத்தம்.
கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் ஒட்டி
உடம்பை மறைத்திருந்தார்கள்.
ரவுண்டானாவில் ஒரு கணம் தயங்கி,
கியர் இறங்கி,
பெயரில்லாமலே
பெயர்ந்து போனது.

யாரும் கருத்துச் சொல்லவில்லை.
எர்மெலிந்தாவின் வலது பாதம் மட்டும்
தரைப்பலகையை மெல்ல அழுத்தியது.
என் விரல்கள் பைக்குள்
சாவியை ஒருமுறை வலப்பக்கம் திருப்பின.

முடிவு எட்டப்படவில்லை என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
அடுத்த கூட்டம் மார்ச்சில்.
கொண்டுபோய் விடட்டுமா என்று ஒத்தொரீனோ கேட்டார்.
பேருந்து இருக்கிறது என்றேன்.

அக்டோபரில் லுகானோவின் பல் மருத்துவர் ஒருவர்
என் வண்டியை வாங்கிக்கொண்டார்.
எஞ்சின் எண், சேசிஸ் எண், நிறம்,
எல்லாம் பத்திரத்தில் ஏறியது.
உபரிச் சாவியை அவர் கேட்க மறந்தார்,
நான் கொடுக்க மறந்தேன்.
குளிர்காலக் காலைகளில் அது கிளம்ப மறுக்கும்போது
நான் கூப்பிட்டுக் கெஞ்சிய பெயரையும்
அவர் கேட்கவில்லை.