செக்ரோல் தாளின் பின்பக்கம்

செக்ரோல் தாளின் பின்பக்கத்தில்
ஐந்து ஐந்தாகக் கோடு போட்டேன்.
முன்பக்கத்தில் போன மாசத்து ஆட்கள்,
அரைப்பேர், முழுப்பேர், கொழுந்து நிறை.
விளக்கில் பிடித்தால் தெரியும்:
சோப்ரானோவின் தலைக்கு மேல்
பேச்சாயி, பதினெட்டுக் கிலோ.

கடலில் போகிறவர்களுக்கான பழைய ஞானப்பாட்டு.
எந்தக் கப்பலிலோ நாலு குரலில் பாடியது,
ஈரம் பட்ட ஒரு பக்கமாக
போட்டோகொப்பியில் மஸ்கெலியாவுக்கு வந்தது.
அறுப்பின் பண்டிகைக்கு
பேண்டும் கொயரும் சேர்ந்து செய்யட்டும் என்றார்
போதகர் தியோப்பிலு.
இந்த உயரத்திலிருந்து
கடலுக்கு யார் போகிறார்கள் என்று
கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

கடல் எது என்றால்
மவுசாக்கலை அணைக்கட்டைக் காட்டுகிற பிள்ளைகள்
சோப்ரானோ.
ஆல்டோக்கள் ஞாயிறும் கைக்காசுக்குக் கொழுந்தெடுத்துவிட்டு
விரல் கறையோடு பத்தரைக்கு வருவார்கள்.
டெனர் ஒரே ஒருத்தர், வேன் ஓட்டும் ஏசாயா;
கொழும்பு ஹயர் கிடைத்தால் அவரும் இல்லை.
டெனரை யூஃபோனியத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

ட்ரம்பெட் செலஸ்டினுக்கு எல்லாவற்றையும்
ஒரு சுரம் ஏற்றி எழுத வேண்டும்.
நான் எழுதுவதைவிடக் கொஞ்சம் கீழேதான்
அவன் கொம்பு பேசும்.
சம்பளப் பேச்சுவார்த்தை மாதிரி,
வருவது குறையும் என்று தெரிந்தே
கூட்டிக் கேட்க வேண்டும்.

ட்ரொம்போன் ரெண்டும் செத்தவீட்டு பேண்டில் இரவல்.
வெள்ளிக்கிழமை சாமிமலையில் ஓர் அடக்கம்,
சனிக்கிழமை எங்கள் ஒத்திகை.
அந்த உதடுகளுக்கு எந்தப் பாட்டும்
சவப்பெட்டி தூக்குகிறவர்களின் நடைதான்.
குளிருக்கு வால்வு இறுகும்.
கோழிக்குஞ்சைப் போலக் கக்கத்தில் வைத்திருந்து
பிறகுதான் ஊதுவார்கள்.

மூன்றாம் சரணத்தில் புயல்.
அங்கே எல்லோரையும் அவிழ்த்து விட்டிருந்தேன்.
சிம்பல், பெரிய மேளம், கொம்புகள் மொத்தமும்;
ஆலயத்துத் தகரம் அதிர்ந்தது.
'நல்லாயிருக்கு' என்று ஓரத்தில்
சிவப்பு மையால் நானே எழுதிக்கொண்டேன்.

நீர்கொழும்பு மீன் லொறியின் பொனிப்பாஸ்
வாசலில் நின்று கேட்டிருக்கிறார்.
"மிஸ், புயல் இப்படி இல்லை.
நான் பதினோரு வருசம் போட்டில் போன ஆள்.
சத்தம் இருக்கும், ஆனா கேக்காது.
எஞ்சின் நின்னுபோகும் பாருங்க,
அதுதான் கேக்கும்."
கீரிமீன் அரைக்கிலோ போடவா என்றார் அதே மூச்சில்.
வாங்கினேன்.

அன்றிரவு ரப்பர் எடுத்தேன்.
சிம்பல் போனது. மேளம் போனது.
கொம்புகளை ஒவ்வொன்றாக இறக்கி
கடைசியில் குரல்களையும்.
தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து
பேச்சாயியின் பதினெட்டுக் கிலோ
இந்தப் பக்கமே வந்துவிட்டது.
நாலு மாத்திரை, ஒருவரும் ஒன்றும் செய்யக்கூடாது.
"மூச்சு விடலாமா மிஸ்?" என்றான் செலஸ்டின்.
அவன் கேலி பண்ணவில்லை.
"சத்தமில்லாமல்," என்றேன்.

பண்டிகையன்று பீடத்தடியில்
லீக்ஸ் கட்டு, பூசணி, ஒரு சேவல்.
மூன்றாம் சரணம் வந்தது. நிறுத்தினார்கள்.
ஒன்று.
ரெண்டு, பேக்டரியின் உலர்த்தி ஓடுகிறது, ஞாயிறும்.
மூன்று, ஏதோ பிள்ளையின் இருமல்.
நாலு முடிந்ததும் வர வேண்டிய யூஃபோனியம்
வரவில்லை.
ஞானசீலன் வால்வில் விரல் வைத்தபடி
பனி மூடிய ஜன்னலைப் பார்த்திருந்தான்.
ஐந்து. ஆறு.
நான் எழுதாத ஏழு.
தூக்கிய கையை எங்கே இறக்குவதென்று
தெரியாமல் நின்றேன்.

கதவோரத்தில்
அப்போதுதான் மலையிலிருந்து வந்த ஆல்டோ ஒருத்தி,
இடுப்பில் படங்கு அவிழ்க்காமலே
அடுத்த அடியைத் தனியாக எடுத்தாள்,
வேறு சுருதியில்.
முதலில் பிள்ளைகள், பிறகு ட்ரொம்போன்கள்,
தடவித் தடவி எல்லோரும்
அவள் இருந்த இடத்துக்கு இறங்கினோம்.

ட்ரம்பெட்டுக்கு அது எந்தச் சுரமென்று
இன்னும் கணக்குப் பார்க்கவில்லை.