இரண்டு தேருக்கு நடுவே

மூன்று மாத விசாவில்
அச்சு மிஷினோடு வந்து இறங்கியவர் சுகியோனோ.
ஊர் ஜோக்ஜகர்த்தா.
எங்கள் நாக்குக்கு ஜோக்ஜாவோடு நின்றுவிட்டது.

ஞாயிறு, அவிநாசித் தேர்முட்டி.
டீக்கடை மாரப்பண்ணன் ஆரம்பித்தார்:
"உங்க பீமன், அர்ச்சுனன் அத்தனையும்
இங்கிருந்து கப்பலேறுனதுங்க."
அவர் மறுக்கவில்லை.
போண்டா எண்ணெயைத் தினத்தாளில் ஒற்றியபடி
தேர்கள் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஊர் அரண்மனைத் திடலில் இரண்டு ஆலமரமாம்.
கண்ணைக் கட்டி நடுவே நடக்கணுமாம்.
மனசு கோணாதவனுக்குக் கால் கோணாதாம்.
சொன்னதோடு விடவில்லை;
என் சாயத்துண்டை வாங்கிக் கட்டிக்கொண்டு
தகரம் போர்த்திய பெரிய தேருக்கும்
சின்னத் தேருக்கும் நடுவே கிளம்பினார்.
முட்டியது கரும்புச்சாறு வண்டியில்.

அடுத்தது நான்.
இருபது தப்படி. நேராகத்தான் போனேன், சத்தியமாக.
துண்டை அவிழ்த்தால்
செங்கோடன் பைனான்ஸ் வாசல்.
நாலு தவணை பாக்கி.
"வாங்க வாங்க, இப்பத்தான் நெனச்சேன்."

சுகியோனோ விமானமேறி ஒரு வருஷம்.
டியூஷன் விட்ட பிள்ளைகள்
பையைத் தேர்ச்சக்கரத்தடியில் எறிந்துவிட்டு
"ஜோக்ஜா, ஜோக்ஜா" என்று கத்துகிறார்கள்.
வெளியூர்க்காரர் கேட்டால் மாரப்பண்ணன் சொல்கிறார்:
"எங்க ஊரு ஆட்டமுங்க,
ஜாவா வரைக்கும் போயிருக்குது."

நேற்று இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிறேன், மணி ஒன்றரை.
ரோந்து ஏட்டு
பைக்கை அணைத்துவிட்டு
தொப்பியை மூக்குவரை இழுத்து
கை இரண்டையும் நீட்டி நடந்துகொண்டிருந்தார்.
இருட்டில் அப்படியே நின்றேன்.
கடைவாசல் நாய் மட்டும் எழுந்து
கூடவே போனது.