சாய்சதுரம்

சீனன்குடாவில் மூன்று இழுவைப் படகுகள்.
கட்டி நிற்க ஒரே ஒரு மேடை.
யார் முதலில், யார் பிறகு என்று
படகுகளே தமக்குள் பேசித் தீர்க்கும்
நிரல் ஒன்றைச் சரிபார்க்க
டொக்யார்ட் வீதி மாடியறையில் நான்,
கிண்ணியாவில் றிஸ்மியா.

எங்கள் இருவருக்கும் பொதுவாய் ஒரு மணிக்கூடு இல்லை.
"அனுப்பிட்டன்" என்று அவள் எழுதுகையில்
"வரேல்லையே" என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன்.
எது முந்தியது?
கேள்வியே பிழை.
ஒன்றை ஒன்று அறியாமல் புறப்பட்டவற்றுக்கு
முன்பும் இல்லை பின்பும் இல்லை.
குடாவுக்கு மேலே எங்கோ
முகம் பாராமல் கடந்து போயிருக்கும் இரண்டும்.

நிரல் காக்க வேண்டியவை இரண்டே வரி.
முதல் வரிக்குச் சதுரம்.
எப்போதும் என்று அர்த்தம்:
எப்போதும், மேடையில் இரு படகு இல்லை.
இது முறிந்தால் முறிந்த கணம் தெரியும்.
இரும்பில் இரும்பு மோதிய ஓசைக்கு
நேரம் குறிக்கலாம்,
காப்புறுதிக்காரன் வந்து அளந்து போகலாம்.

இரண்டாவதற்கும் அதே சதுரம்தான்,
ஒரு முனையில் நிற்க வைத்தது.
என்றேனும் என்று அர்த்தம்:
கேட்ட படகுக்கு என்றேனும் இடம் கிடைக்கும்.

இரவு பதினொன்றே காலுக்கு
எழுபது லட்சம் நிலைகளைத் துழாவிய கணினி
ஒரு கதையைக் கொண்டுவந்து வைத்தது.
பதினெட்டுப் படி நேராக,
அதன்பின் ஒரு வளையம்.
வளையத்துக்குள் ஒன்றாம் படகும் இரண்டாம் படகும்
நீ, நான், நீ, நான்.
மூன்றாவது கேட்டுக்கொண்டே இருக்கிறது.
மோதல் இல்லை.
ஒவ்வொரு படியும் விதிப்படி சரி.

"துறைமுகம் நல்லாத்தானே ஓடுது"
என்று எழுதினாள் றிஸ்மியா.
கொஞ்சம் பொறுத்து,
"அதுதான் பயமாயிருக்கு."

ஜெனரேட்டர் அறையைப் பூட்ட மேலே வந்த
காவலாளி அருளப்பு திரையைப் பார்த்தார்.
"என்ன பிள்ளை, பட்டமோ?"
என்றேனும் நடக்கும் என்பதன் குறி, என்றேன்.
அவர் சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.
தம்பியின் கோவை பதினேழாவது வருசமாய்
பரிசீலனையில் இருக்கிறதாம்.
"என்றேனும் எண்டுதான் அங்கையும் சொல்லுறாங்கள்.
இல்லை எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை."

அவர் இறங்கிப் போனபின்
அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இன்று வராதது அதற்கு எதிர்ச்சாட்சி அல்ல.
நேற்று வராததும் அல்ல.
எத்தனை நாளை அடுக்கினாலும்
அடுக்கு முடிகிற இடத்தில்
அந்த வாக்கு கீறல் விழாமல் நிற்கும்.
பொய்யென்று காட்ட
முடிவில்லாத நாள்கள் வேண்டும்.
நாங்கள் பல்கலைக்கழகத்தில் இரண்டு தவணை படித்ததை
கவுன்டருக்குப் பின்னால் இருப்பவர்
படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்.

கேட்கும் ஒவ்வொரு படகுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்தேன்.
என்றேனும் என்பதை அழித்து
இரண்டு முறைக்குள் என்று எழுதினேன்.
மறுபடி ஓடவிட்டேன்.
இரண்டு நாற்பதுக்கு வந்தது: பிழை ஏதும் இல்லை.
றிஸ்மியா நித்திரை. காலையில் பார்ப்பாள்.

விடிய இறங்கினால்
பஸ் நிலையத்து வளைவில் மான் ஒன்று நடுத்தெருவில்.
மான் போகட்டும் என்று பஸ்.
பஸ் போகட்டும் என்று மான்.
பின்னால் ஒரு முச்சக்கரவண்டிக்காரன்
ஹோர்னில் கையை வைத்ததுமே தீர்ந்தது.

வாசலில் அருளப்பு, கையில் கடுதாசி.
"அந்தச் சொல்லை மாத்தினியளோ ராவு?
எப்பிடி மாத்தினியள்?"
அவருடைய அடுத்த விண்ணப்பத்தின் கடைசி வரியில்
'விரைவில்' என்பதை வெட்டி
'முப்பது நாட்களுக்குள்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"பதில் வராட்டி?"

வராட்டி,
வராமல் போன நாள் எதுவென்று தெரியும், என்றேன்.

மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.
பிறகு விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார்.
முப்பத்தோராம் நாள் ஒரு வியாழக்கிழமை.