வினை முதலில் வரும் மொழி

கோதுமைக் கப்பல்களுக்குத் தண்ணீர் ஏற்றுகிற வேலை.
எத்தனை தொன், எத்தனை மணிக்கு, யார் கையெழுத்து.
என் ஆங்கிலம் அவ்வளவுதான் என்று நினைக்கவேண்டாம்,
கோபம் வந்தால் முதல் இரண்டு வசனமும்
எனக்கு அதில்தான் வரும்.

இன்னுமொரு மொழி படி என்றது கம்பனி.
பாதிக் கட்டணம் தருவார்களாம்.
எந்த மொழி என்று சொல்லவில்லை.

ஏகாம்பரம் வீதியில் பலகைகள் பார்த்து நடந்தேன்.
கொரியன்: மூன்று மாதம், சோதனைக்கு உத்தரவாதம்.
ஜேர்மன்: தாதிமாருக்குத் தனி வகுப்பு.
ஜப்பான் மொழிப் பலகைக்குக் கீழே
ஒரு மான் நின்று
சுவரொட்டியைப் பசையோடு கிழித்துத் தின்றது.

அரபு படியும் மச்சான், காசு வரும், என்றான்
கிண்ணியாவிலிருந்து வருகிற நிஃமத்துல்லா.
ஸ்டுட்கார்ட்டில் ஒன்றுவிட்ட தங்கை இருப்பதை
மனைவி சுகிர்தா மூன்றாம் தடவையும் நினைவூட்டினாள்.
மகளுக்கு நான் கொரியன் படிக்கவேண்டும்,
நாடகத்தில் கீழே ஓடுகிற எழுத்து வாசித்து
கண் நோகிறதாம்.

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கென்றே
ஒரு அட்டவணை கிடைத்தது.
டச்சு: இருபத்துநாலு கிழமை.
ஜப்பான் மொழி: எண்பத்தெட்டு.
டச்சு படித்தால் டச்சுக்குடாவோடுதான் கதைக்கவேண்டும்,
அது எப்போதோ மறந்திருக்கும்.
எண்பத்தெட்டையும் நான் நம்பவில்லை.
ஜப்பானியருக்கு வினை கடைசியில் வருமாம்,
கலியாண வீட்டுக்குப் பிந்தி வருகிற மாமனைப்போல,
அவர் வந்தால்தான் பந்தி.
பிறந்த நாளிலிருந்து அப்படித்தானே காத்திருக்கிறோம்.
ஆங்கிலம் தெரிந்த ஒருவனுக்குள்
வேறொரு மொழி குந்தியிருக்கக்கூடும் என்பது
அட்டவணை போட்டவருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காசு கட்டுவதென்று வைத்திருந்தேன்.

ஞாயிறு, லோஞ்சில் என்னோடு கரைக்கு வந்தான்
எஞ்சின் அறை றொடெல், பிலிப்பைன்ஸ்காரன்.
பாதி வழியில் போன் அடித்தது.
நெடுநேரம் கேட்டான். பிறகு ஒன்றையே சொன்னான்:
வாலா நா. வாலா நா ஸி நானாய்.
என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.
நத்திங், சேர், என்றான்.
நம்பினேன்.
எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று
விரலால் காட்டினேன்.

இரவு அகராதியில் தேடினேன், காதில் கேட்ட மாதிரி எழுதி.
வாலா: இல்லை; ஒன்றுமில்லை.
நா: ஆகிவிட்டது.
நானாய்: அம்மா.

அவன் எதையும் மறைக்கவில்லை.
அந்தச் சொல்லைத்தான்
எனக்கு விளங்கும் என்று
ஆங்கிலத்தில் எடுத்துத் தந்திருக்கிறான்.
பதினெட்டு வருஷ ஆங்கிலத்தோடு
நான் அதை வாங்கவில்லை.

அந்த மொழியில் வினை முதலில் வருமாம்.
நாங்கள் அம்மா என்று தொடங்குவோம்,
கேட்கிறவர் ஒரு மூச்சளவு
நல்ல செய்தியாக இருக்கட்டும் என்று நிற்கலாம்.
அவர்களுக்கு அந்த மூச்சு இல்லை.
இல்லாமல் போனதுதான் முதலில்.
யார் என்பது பிறகு.

தகாலொக் சொல்லித்தர இந்த ஊரில் ஒரு பலகையும் இல்லை.
'அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம்' என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டுக் கொடுத்தேன்,
கம்பனி பாதிக் கட்டணத்தையும் வெறுமையாக விட்டது.
போனில் படிக்கிறேன்.
ஹிண்டி என்றால் அல்ல என்று உரக்கச் சொல்லிப் பார்த்தபோது
இதென்ன, ஹிந்தியா படிக்கிறாய் என்றான் நிஃமத்துல்லா.
அதற்கும் சரியான பதில்
ஹிண்டிதான்.

றொடெலின் கப்பல் பிறகு வரவில்லை.
போன கிழமை வேறொரு கப்பல்,
தண்ணீர்க் குழாய் பூட்டும்வரை
சமையல்காரன் ஏணியடியில் நின்றான்.
குமாயின் கா நா, என்று கேட்டேன்,
சாப்பிட்டாச்சா.
முதலில் என்னையும் பிறகு பின்னாலும் பார்த்தான்,
யாரோ அவன் ஊர்க்காரன் நிற்பதுபோல.
சிரித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னான்,
கடைசி இரண்டு சொல் மட்டும் பிடிபட்டது:
ஹிண்டி பா. இன்னும் இல்லை.

பார்சலை அவிழ்த்தேன்.
ஆறு இடியப்பம் இருந்தது.