நாலரை மணித் தண்ணீர்

சீத்தா கேம்பில் எங்கள் சந்துக்குத் தண்ணீர் வருவது
நாலரைக்கு. சில நாள் நாலே முக்காலுக்கு.
என் மாத்திரையும் அப்போதுதான்.
வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால்
என்று சீட்டில் இருந்தது.
அரை மணி எனக்கென்று எங்கே கிடைக்கும்?
பதினோரு குடம் நிறையும் நேரம் அது.

முதலில் ரோஸ் மருந்துதான் குடித்தேன்.
சுண்ணாம்பு ருசி. ஐந்தே நிமிடத்தில் நெஞ்சு குளிர்ந்தது,
ஒரு மணி நேரம் நிற்கவில்லை.
வழிந்த தரையைத் துடைத்தது,
குழாயை மூடவில்லை.
அப்புறம் ராத்திரிக்கு ஒரு சின்ன மாத்திரை.
விடியும்வரை தூங்கவிட்டது.
பதினைந்து நாளில் வயிறு அதற்கும் பழகிவிட்டது.

மெடிக்கல் கேத்தன் பாய் ஹிந்தியில் சொன்னார்:
வயிற்றுக்குள் பம்புகள் இருக்கின்றன, பெஹன்.
இந்த மூன்றாவது மாத்திரை ஓடுகிற பம்பைத்தான் பூட்டும்.
தூங்குகிறதை அதற்குத் தெரியாது.
சோறு இறங்கும்போது அவை எழும்;
எழும் நேரம் மருந்து வாசலில் நிற்க வேண்டும்.

இரண்டு மூன்று மணியில் ரத்தத்தைவிட்டுப் போய்விடுமாம் மருந்து.
பூட்டு மட்டும் கிடக்கும்,
உடம்பு புதுப் பம்பு செய்து முடிக்கும்வரை,
ஒரு நாளோ, அதற்கு மேலோ.
முழுசாய் அடங்க மூன்று நாலு நாள்.
முதல் நாளே, போலி மாத்திரை என்று
கடைக்குச் சண்டைக்குப் போனவள் நான்.

எட்டு வாரம்.
குனிந்து ஜிப் தைத்தாலும்
தொண்டைக்கு எதுவும் ஏறவில்லை.
புளிக்குழம்பு வைத்தேன், இரண்டு தடவை.
சீட்டு முடிந்த அன்றே நிறுத்தினேன்,
காசு மிச்சம் என்று.

ஐந்தாம் நாள் வந்தது பழைய நெருப்பு,
கூட ஆளைக் கூட்டிக்கொண்டு.
பூட்டிக் கிடந்த நாளெல்லாம் வயிறு
உள்ளே ஆள் சேர்த்திருக்கிறது.
முனிசிபல் டாக்டரம்மா தலை நிமிரவில்லை:
இது நோய் திரும்பினது இல்லை, வீம்பு.
சில வாரத்தில் தணியும்.
ரொம்ப முடியாவிட்டால் ரோஸ் மருந்து.
தணியாவிட்டால் வா.

நேற்று முழுக்கத் தண்ணீர் வெட்டு.
இன்று நாலரைக்குக் குழாய் இருமியது,
காற்றும் துருவும் துப்பியது,
பிறகு பிய்த்துக்கொண்டு வந்தது
குடத்தையே தள்ளிவிடுகிற வேகத்தில்.
வரிசையில் பின்னால் நூருன்னிசா கத்தினாள்.
முதல் குடத்தைச் சாக்கடையில் ஊற்றினேன்.
இரண்டாவதையும்.
மூன்றாவது கொஞ்சம் தெளிந்திருந்தது.

நெஞ்சு எரிகிறது.
பன்னிரண்டாம் நாள்.